அகராதிக்குச் சர்க்கரை ஏறியது

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நடந்ததையெல்லாம் நடந்தபடியே எழுதுவேன் என்று முதல் வரியிலேயே வாக்குக் கொடுக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீ கேட்டதும் அதைத்தானே? "போன்ல பேசினா பாதி நேரம் சிரிப்ப, மீதி நேரம் மறந்துட்டேன்ம்ப. காகிதத்துல எழுதிப் போடு, ஆபீஸ்ல வச்சு நிதானமாப் படிக்கணும்" என்றாய். இதோ எழுதுகிறேன்.

நீ ஏற்பாடு செய்த வில்லை வந்துவிட்டது. நிறுவனத்திலிருந்து அதைக் கொண்டுவந்தவர் சாப்பாட்டு மேசை முழுக்கச் சாமான்களைப் பரப்பினார். அவருக்கு 'ஒட்டுக்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வில்லை ஒரு சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. முழங்கைக்கு மேலே ஒட்டினார். அதோடு ஒரு சின்னத் திரை. ரத்தம் எடுக்காமல், தோலுக்குள் வெளிச்சம் அனுப்பியே சர்க்கரையை அளந்துவிடுமாம். எண் சரியாக இருந்தால் திரை பச்சையாக இருக்கும், ஏறினாலும் இறங்கினாலும் சிவப்பாகிக் கத்தும்.

அம்மா அவரிடம் மூன்று முறை கேட்டாள்: "அப்போ விரல்ல குத்துற ஊசி?" மூன்று முறையும் அவர், "படிப்படியா விட்டுடலாம்மா" என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினாளாம். கத்தி கழுவித் துடைத்தபடியே இருந்தது.

ஆனால் தினமும் காலையில் மட்டும் விரலைக் குத்திப் பார்த்து, வரும் எண்ணைத் திரையில் தட்ட வேண்டும். வில்லை என் உடம்பைக் கற்றுக்கொள்ள அது உதவுமாம். கற்றுக்கொள்ளும் வில்லை! எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி, "உங்க அக்கா டாக்டரா?" என்று கேட்டாள். இல்லை, மருத்துவத்தில் புதிது புதிதாக ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்களின் யோசனை தேறுமா தேறாதா என்று பார்த்துச் சொல்கிறவள், அவள் தேறும் என்று சொன்னால்தான் பெரிய மனிதர்கள் பணம் போடுவார்கள் என்றேன். "அப்போ பரீட்சைத்தாள் திருத்துற மாதிரி" என்றாள். அப்படித்தான் என்றேன். சரிதானே?

என் விரல் நுனிகள் உனக்கு நன்றி சொல்லச் சொல்கின்றன.

உன்,
பூச்சி


ஜூன் 9

அடியே பூச்சி,

உன் கடிதத்தைப் பக்கத்து மேசைக்காரிக்கும் படித்துக் காட்டினேன். 'ஒட்டுக்காரர்' என்ற இடத்தில் அவள் டீயைத் துப்பிவிட்டாள். அந்த மனிதர் பொறியியல் படித்து முடித்தவர், தெரிந்துகொள்.

திருத்துகிற வேலைதான், ஆனால் கொஞ்சம் வித்தியாசம். பரீட்சைத்தாளில் பையன் எழுதி முடித்திருப்பான். இங்கே பாதிப் பேர் இன்னும் கேள்வியையே படித்திருக்க மாட்டார்கள். இவன் நாளைக்கு என்ன எழுதுவான் என்று இன்றைக்கே மார்க் போட வேண்டும். எங்கள் மேலாளர் அறைக்குள் ஒரு யோசனையோடு போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வெளியே வருவார்கள். "இது யாருக்கு வலிக்குது? அந்த வலி நிஜமா?" என்பார். அவ்வளவுதான், எதிரில் இருப்பவர் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார்.

இந்த வில்லையை நான்தான் கண்டுபிடித்துக் கொண்டுபோனேன். எனக்கு வேலை கிடைத்த பிறகு நானாகக் கொண்டுபோன முதல் ஸ்டார்ட்அப். அவர் அதே கேள்வியைக் கேட்டார். நான், "என் தங்கச்சிக்கு வலிக்குது சார். அவ கையைப் பிடிச்சுக் குத்தினதே நான்தான்" என்றேன். முதல் முறையாக அந்த மனிதர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

உனக்கு அப்போது பல் விழுகிற வயது. ஊசியைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் போய்விடுவாய். நானும் உள்ளே தவழ்ந்து வருவேன். அந்தத் தூசியெல்லாம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

எதையும் மறைக்காமல் எழுது. குறை இருந்தால் முதலில் அதை எழுது. நிறுவனத்துக்காரர்கள் நல்லதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள், அதற்கு நீ வேண்டாம்.

அம்மாவிடம் வெங்காயம் விலை கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்கா,

குறை இருந்தால் முதலில் எழுதச் சொன்னாய். ஒன்று இருக்கிறது. என் தவறு ஒன்றிலிருந்து அது தெரியவந்தது. நீ திட்டுவாய் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன்.

காலைச் சாப்பாட்டின்போது புத்தகம் படிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் படித்துக்கொண்டிருந்தேன். கப்பல் உடைகிற இடம், எப்படி மூடி வைப்பது? விரலைக் குத்தினேன், எண்ணைப் பார்த்தேன், திரையில் தட்டினேன். தட்டியது விரல் எண் அல்ல, அந்தப் புத்தகத்தின் பக்க எண். என் சர்க்கரை தொண்ணூற்றுச் சொச்சம். கப்பல் உடைந்தது இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில்.

பள்ளிக்கூடத்தில் வில்லை கத்திக்கொண்டே இருந்தது. இருநூறைச் சுற்றியே எண்கள். ஆசிரியர்கள் அறைக்குப் போய்க் குத்திப் பார்த்தேன், சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போதுதான் காலையில் என்ன தட்டினேன் என்பது நினைவுக்கு வந்தது.

ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாதல்லவா? அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் வேண்டுமென்றே ஒரு தப்பு எண்ணைப் போட்டேன். அதற்கு அடுத்த நாள் வேறொன்று. இன்சுலினை மட்டும் விரல் எண்ணைப் பார்த்தே போட்டுக்கொண்டேன், பயப்படாதே. வில்லை ஒவ்வொரு நாளும் நான் போட்ட எண்ணின் பின்னாலேயே வந்தது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், ஆனால் அதைவிட்டு வெகுதூரம் போகாது. அம்மா சொன்னாள்: "இது அளக்கலடி. நீ சொல்றதைத் திருப்பிச் சொல்லுது. உங்க அப்பா மாதிரி."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டே பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார்.

அக்கா, அது கற்றுக்கொள்கிறது என்று நினைத்து அதனிடம் நான் பேசக்கூடச் செய்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா? நிறுவனத்திடம் கேட்டுச் சொல்.

உன்,
பூச்சி


ஜூன் 28

பூச்சி,

நீ ஒரு மேதை. இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் இத்தனை பேர் அந்த நிறுவனத்தின் வரைபடங்களை உற்று உற்றுப் பார்த்தோம், யாருக்கும் இது தோன்றவில்லை.

உடனே நிறுவனரைப் போய்ப் பார்த்தேன். அவர் எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். இதற்கும் சிரித்தார், ஆனால் கேட்டுக்கொண்டார். அது ஆரம்பக் கட்டத்துச் சிக்கல்தானாம். புதிய பதிப்பை அனுப்புகிறார்கள். அதில் நீ எண்ணே போட வேண்டியதில்லை! காலையில் விரலைக் குத்துவதும் இனி கிடையாது. இவ்வளவு நாள் போட்ட எண்களிலிருந்தே உன்னைப் புரிந்துகொண்டுவிட்டதாம்.

அம்மாவுக்குத் தனியாகப் போன் செய்து சொல்லிவிட்டேன். உனக்கு எப்போதாவது சந்தேகம் வந்தால் மட்டும் குத்திப் பார், போதும்.

வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. முதலீட்டாளர்கள் கூட்டம் ஆகஸ்டில். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்கா,

அம்மா உன்னிடம் போனில் "லேசா மயக்கம்" என்று சொன்னதாகச் சொன்னாள். லேசு இல்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

நூலக வகுப்பு. மேல் அடுக்கில் இருந்த ஒரு புத்தகத்துக்காக நாற்காலிமேல் நின்றிருந்தேன். கை உதறியது. உதட்டைச் சுற்றி மரத்தது. இது எனக்குத் தெரியாத விஷயமா? சர்க்கரை இறங்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே தெரியும். திரையைப் பார்த்தேன். பச்சை. 'சீராக உள்ளது' என்றது.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை அக்கா. பையில் குளுக்கோஸ் இருந்தது. மீட்டரும் இருந்தது. என் கை உதறியதை நானே பார்த்தேன். ஆனாலும் திரையை நம்பினேன். நீ சரி பார்த்தது என்று நம்பினேன். பசியாக இருக்கும் என்று நினைத்து இன்னும் ஓர் அடுக்குக்கு எட்டினேன்.

பிறகு தரையில் கிடந்தேன். நூலகர் என் வாயில் பழச்சாறு ஊற்றிக்கொண்டிருந்தார். அழாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். "கண்ணைத் திறம்மா, கண்ணைத் திற. ஒரு புத்தகத்துக்குக்கூட இனி அபராதம் போட மாட்டேன்" என்றார். புருவத்துக்கு மேலே தையல் போட்டிருக்கிறார்கள். முடியை இறக்கி வாரினால் தெரியாது.

இனிதான் முக்கியமானது. வீட்டுக்கு வந்ததும் அம்மா வில்லையைப் பிய்த்து எடுத்துவிட்டாள். தொலைந்தால் நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, கைக்கு எட்டிய அகராதியின் அட்டையில் அதை ஒட்டிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அலமாரியில் திரை ஒளிர்ந்தது. எண் ஏறிக்கொண்டிருந்தது. நான் சாப்பிட்டு முடித்தால் வழக்கமாக எவ்வளவு ஏறுமோ, அவ்வளவு. மதியத்துக்கு முன்னால் இறங்கியது. சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி ஏறியது.

அகராதிக்குச் சர்க்கரை ஏறுகிறது அக்கா. அதற்குப் பசிக்கிறது, சாப்பிடுகிறது, சீராக இருக்கிறது. அப்பா சிரித்துவிட்டார். பிறகு என் நெற்றியைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அது எதையும் பார்க்கவில்லை. நான் முன்பு போட்ட எண்களை நேரத்துக்கு நேரம் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான். நிறுவனர் உன்னையும் ஏமாற்றியிருக்கிறார். உடனே உன் மேலாளரிடம் சொல். நான் வேண்டுமானால் அகராதியையும் அனுப்புகிறேன்.

உன்,
பூச்சி


ஜூலை 19

என் பூச்சி,

நெற்றி எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாயிற்றா? லீவு போட்டுவிட்டு ஓடிவரலாம் என்றுதான் பையை எடுத்தேன். கூட்டத்துக்கான வேலை முழுக்க என் தலையில் இருக்கிறது. நகர முடியவில்லை. நம்பு.

இனி விரலைக் குத்தியே பார். வில்லையை நம்பாதே. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

அகராதி விஷயத்தைப் பற்றி. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ நினைப்பதுபோல் இது அவ்வளவு நேரானது அல்ல. புதிய நிறுவனம் என்றால் முதலில் எல்லாமே அரைகுறையாகத்தான் இருக்கும். இன்று ஓடுகிற எந்தப் பெரிய கருவியும் முதல் நாளில் ஓடியதில்லை. ஆய்வுக்கூடம் வேண்டும், ஆட்கள் வேண்டும். பணம் வந்தால்தான் அதெல்லாம் வரும். பணம் வர ஒரு நம்பிக்கை வேண்டும். உனக்கு இது புரியும், நீ கெட்டிக்காரி.

அதனால் கூட்டம் முடியும்வரை அகராதியைப் பற்றி யாரிடமும் சொல்லாதே. நூலகரிடமும்.

இன்னொன்று. கூட்டத்துக்கு நீயும் அம்மாவும் வர வேண்டும் என்று நிறுவனர் ஆசைப்படுகிறார். டிக்கெட் வந்து சேரும். நீ எதுவும் பேச வேண்டியதில்லை. வில்லையை ஒட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தால் போதும். குழந்தைகள் மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மாவும் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அவர் வார்டில் இருக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் வில்லை இலவசமாகப் போகும்.

தலைமுடியை முன்னால் இறக்கி வாரிக்கொள்.

அக்கா


ஜூலை 25

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இது உன் கையெழுத்துதானா என்று பழைய கடிதத்தோடு வைத்துப் பார்த்தேன். உன் கையெழுத்துதான்.

அந்த வார்டில் இருக்கிற பிள்ளைகளுக்கா?

வியாழக்கிழமை ஒட்டுக்காரர் வந்தார். கூட்டத்துக்காகப் புதிய வில்லை ஒட்ட வந்தாராம். என் நெற்றியைப் பார்த்ததும் பையைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். நான் அகராதியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"இது எங்க யோசனை இல்லம்மா. தினமும் எண் போடச் சொல்லி, உள்ள இருக்கிற கோளாறைத் தேடிட்டுத்தான் இருந்தோம். உங்க அக்காதான் வந்து சொன்னாங்க, எண் கேக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தர் தப்பா ஒண்ணைத் தட்டிப் பாத்துக் கண்டுபிடிச்சுடுவாங்க, எண் போடுற அந்தக் கட்டத்தையே எடுத்துடுங்கன்னு. பழைய எண்களை வச்சே ஓட்டுங்கன்னு எங்க சாரும் அதோட சேத்துச் சொல்லிட்டார்."

அம்மா, "எந்த அக்கா?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். எனக்கு இரண்டு மூன்று அக்காக்கள் இருப்பதுபோல.

நான் உனக்கு ஓர் ஓட்டையைக் காட்டினேன். நீ அதை அடைக்கச் சொல்லவில்லை. அதற்குமேல் ஒரு துணியைப் போட்டு மூடச் சொன்னாய். அந்தத் துணிமேல்தான் நான் நடந்தேன். எப்படி மூட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் என் கடிதம்தான். அதை நினைத்தால்தான் எனக்குப் படிக்கவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. நீ என்னை மேதை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியவள் நான்.

அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. "அவ வேலை போயிடும்டி. கஷ்டப்பட்டு வாங்கின வேலை" என்கிறாள். "நான் விழுந்தேனேம்மா" என்றேன். "நீயும் என் பொண்ணு, அவளும் என் பொண்ணு. நான் யார் பக்கம்னு என்னைக் கேக்காத" என்று சொல்லிவிட்டு, தோய்த்துக் காயப்போட்ட துணியையே மறுபடி எடுத்துத் தோய்த்தாள்.

நான் மேடைக்கு வர மாட்டேன். தலைமுடியைப் பின்னால் இழுத்துத்தான் வாரியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல். அவர் சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது. நான் நம்பிவிடுவேன்.

பூச்சி


ஜூலை 29

உனக்கு,

பொய் இல்லை.

போதுமா? ஒரு வரிதான் கேட்டாய். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

உனக்கு எல்லாம் புத்தகம் மாதிரி. நல்லவள் ஒரு பக்கம், கெட்டவள் மறுபக்கம். இங்கே வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு நிறுவனத்தைத் தேற்றிவிட்டார்கள். மேலாளர் வராந்தாவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தங்கச்சி வில்லை எப்படிப் போகுது?" என்கிறார். அலுவலகத்தில் அதற்குப் பெயரே அதுதான். தங்கச்சி வில்லை. அது தேறவில்லை என்று நான் எந்த வாயால் சொல்வது?

அது உண்மையாகிவிட வேண்டும் என்று உன்னைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். குத்தப்பட்டவள் நீ. குத்தியவள் நான். அது உனக்குத் தெரியாது. நீ கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொள்வாய். உன் அழுகையை நான் கேட்டாக வேண்டும், கையும் நடுங்கக் கூடாது.

நீ விழுவாய் என்று நான் நினைக்கவில்லை. உதறல் வந்தால் நீயே குத்திப் பார்ப்பாய் என்று நினைத்தேன். சந்தேகம் வந்தால் குத்திப் பார் என்று எழுதினேனே! நீ ஏன் பார்க்கவில்லை?

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நீ வர வேண்டாம். நீ இல்லாமலும் கூட்டம் நடக்கும். நிறுவனத்தைப் பற்றிய ஒரு படம் தயாராக இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்வோம். டிக்கெட்டைக் கிழித்துப் போடு. ஆனால் வெளியில் வாயைத் திறந்தாயானால், என்னை அக்கா என்று கூப்பிடாதே.

அனுப்புகிறவள் பெயர் உனக்குத் தெரியும்.


ஆகஸ்ட் 8

அக்கா,

கூப்பிடாதே என்றாய். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு நான் ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிக்கெட்டைக் கிழிக்கக் கை போனது. ஆனால் வார்டில் இருக்கிற பிள்ளைகளை நினைத்தேன். அவர்களில் ஒரு பிள்ளைக்குக் கை உதறும், அது திரையைப் பார்க்கும், திரை பச்சையாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அகராதி கதை தெரியாது.

ரயிலில் அம்மாவோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். "நீயா எழுந்து எதையும் சொல்லக் கூடாது. யாராவது கேட்டா பொய் சொல்ல வேண்டாம்" என்றாள். நான் சரி என்றேன். யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்று அம்மா நம்பினாள். உனக்காகப் பின்னிய ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். அங்கே குளிரும் என்று நீ எப்போதோ சொன்னாயாம்.

கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தோம். நிறுவனர் எங்களைப் பார்த்துவிட்டதில் உனக்குப் பங்கில்லை என்று எனக்குத் தெரியும். அவர் ஒலிபெருக்கியில், "நம்ம நட்சத்திரமே வந்துட்டாங்க!" என்றதும் உன் முகம் எப்படிப் போனது என்று பார்த்தேன். எல்லோரும் கை தட்ட, நான் மேடை ஏறினேன். ஒட்டுக்காரர் வந்து என் கையில் வில்லையை ஒட்டினார். ஒட்டும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை. பெரிய திரையில் எண் வந்தது. பச்சை. மறுபடியும் கைதட்டல்.

இதற்கு மேல் நடந்த ஒன்றைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உனக்குத் தெரியாததைச் சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போனதும், டாக்டரம்மா வராந்தாவில் என்னைத் தேடி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து என் முடியை ஒதுக்கித் தையல் தழும்பைப் பார்த்தார். "என்ன எண்ணும்மா வந்துச்சு?" என்றார். மீட்டரை அப்படியே அவரிடம் கொடுத்தேன். பெரிய திரை சொன்னதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இருந்தது. ரயிலில் ரொட்டி சாப்பிட்டிருந்தேன், அதோடு பயமும். "இது எப்போலேர்ந்து இப்படி?" என்றார். கேட்டார், அதனால் சொன்னேன். கப்பல் உடைந்த பக்கத்திலிருந்து நூலகம்வரை, அகராதிவரை. அந்தக் கட்டத்தை எடுக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. அதனால் அதை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் விட்டது இந்த ஒன்றுதான்.

"என் வார்டுக்குள்ள இது வராது" என்றார். உன் மேலாளர் அவருக்குப் பின்னால் டீக்கோப்பையோடு நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று எனக்குத் தெரியாது. டீ ஆறி ஆடை படியும்வரை குடிக்காமல் நின்றார்.

அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். நீ பின்பக்கமாகப் போய்விட்டாய் என்று காவலாளி சொன்னார். ஸ்வெட்டரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் உன்னிடம் கொடுத்தாரா என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

இப்போது, கடைசியில் எழுதுகிறேன் என்ற அந்த ஒன்று.

நான் மேடையில் இருந்தபோது டாக்டரம்மா கீழே முதல் வரிசையிலிருந்து எழுந்து, "இப்போ உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். சும்மா, அன்பாகத்தான் கேட்டார். "தெரியலை டாக்டர். குத்திப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன். அரங்கம் சிரித்தது. நான் பையிலிருந்து மீட்டரை எடுத்ததும் சிரிப்பு நின்றது. நிறுவனரும் அப்போது சிரிக்கவில்லை. அவர் மேடை ஓரமாகத் திரும்பி, "படம், படம்" என்று பல்லுக்குள் சொன்னார்.

மேடை ஓரத்தில் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் நீ நின்றிருந்தாய்.

நான் விரலைக் குத்தினேன். வலித்தது, வழக்கம்போல. ரத்தத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தேன், உன்னைப் பார்த்துக்கொண்டே. சின்ன வயதில் நான் கண்ணை மூடிக்கொள்வேன், நீதான் எட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வாய். எனக்கு முன்னால் உனக்குத்தான் தெரியும். இந்த முறையும் நீ எட்டிப் பார்ப்பாய் என்று நினைத்தேன் அக்கா. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் சொன்னதை நீ கேட்க மாட்டாய், இரண்டடி நடந்து என் பக்கத்தில் வருவாய், என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பாய் என்று.

மீட்டர் ஒலித்தது. எண் வந்துவிட்டது. சொல்வதற்கு நான் வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினாய்.

விளக்குகள் அணைக்கப்பட்டன.